மொழி தெரியாத பாட்டைக் கேட்கும் முறை

அறியாத மொழிப் பாடல்களைக் கேட்கத் தொடங்கும் திருகோணமலை நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது போர்த்துக்கலின் ஃபாடோ இசையைத்தான். 2011இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்த இசையின் மொழி நமக்கு முற்றிலும் அந்நியமன்று. மேசை, ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அதிலிருந்து வந்தவையே, நம்மூர்ப் பறங்கியர் சிலரிடம் அதன் கிரியோல் வடிவம், அதாவது உள்ளூர் மொழிகளோடு கலந்த வடிவம், இன்னும் வாழ்கிறது.

புகழ்பெற்ற ஃபாடோ பாடகி அமாலியா ரொட்ரிகஸ் பாடிய ஒரு பாட்டைத் தேர்ந்து, வரிகளையோ மொழிபெயர்ப்பையோ பாராமல் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை, அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த உயிரொலியை இழுத்து நிறுத்துகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அடுத்த தடவை, பன்னிரண்டு தந்திகள் கொண்ட போர்த்துக்கேயக் கித்தார் குரலுக்குப் பதில் சொல்லும் இடங்களைப் பின்தொடருங்கள். மூன்றாம் தடவை, காதில் விழுவதைத் தமிழ் எழுத்திலேயே கொப்பியில் எழுதுங்கள். போர்த்துக்கலில் அழுத்தமில்லாத உயிரொலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால், சாவியின் மூலச்சொல் ‘ஷாவ்’ என்றே கேட்கும். டச்சு விரிகுடாக் கரையில் ஒரு மாலை, இயர்போனில் ‘ஜனெலா’ எனக்குத் தெளிவாகப் பிடிபட்டபோது, வீட்டு ஜன்னலே பாட்டுக்குள் திறந்தது போலிருந்தது.

பிறகுதான் மொழிபெயர்ப்பு. அதை ஒருமுறை முழுவதும் வாசித்து மூடிவிடுங்கள், ஏனெனில் வரிவரியாகப் பார்த்துக்கொண்டு கேட்டால் கண் காதை இழுத்துச் சென்றுவிடும். ‘சவுதாத்’ என்ற சொல் வந்தால் ஏக்கம் என்று மட்டும் குறித்து நகராமல், பாடகர் அதை நீட்டும் விதத்தை மீண்டும் கேளுங்கள்.