புயலுக்குப் பயந்து மொட்டையடிக்காதீர்கள்: கடலூர், புதுச்சேரி வீட்டு மரங்களைக் கவாத்து செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை பிறந்து, வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் போதும். மஞ்சக்குப்பத்திலும் லாஸ்பேட்டையிலும் மரம் வெட்டுகிறவர்களுக்குக் கிராக்கி ஏறிவிடும். 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சலையும் பார்த்த ஊர்களில் இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த அவசரத்தில் போடும் வெட்டுதான், சில வருடம் கழித்து வரும் புயலில் கிளை முறிந்து விழப் பெரும்பாலும் காரணமாகிறது.

முதல் தவறு, மரத்தை மொட்டையடிப்பது. உச்சியையும் பெரிய கிளைகளையும் ஒரே உயரத்தில் அறுத்து, முண்டம் மாதிரி நிறுத்திவிடுவார்கள். இலை மொத்தமும் போனதால் மரத்துக்கு உணவு தயாரிக்க வழியில்லை. வேரில் சேர்த்து வைத்ததை எடுத்து, வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்விடும். “பாருங்கள், எப்படித் தழைத்துவிட்டது” என்று நாமும் திருப்திப்பட்டுக்கொள்வோம். அந்தத் துளிர்கள் பட்டைக்குக் கீழே மேலோட்டமாக ஒட்டியிருப்பவை. இயல்பாக வளர்ந்த கிளையைப் போல மரத்தின் உள்கட்டையோடு பிணைந்தவை அல்ல. அவை கனத்த கிளைகளாவதற்குள் கீழே இருக்கும் வெட்டுமுனையில் மழைநீர் இறங்கி உளுக்கத் தொடங்கியிருக்கும். உளுத்த கட்டையின் மேல் கனத்த கிளை: காற்றுக்கு அதுவே போதும்.

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்ற பழமொழி முருங்கைக்குச் சரி. (அதன் மறுபாதியை விட்டுவிடுவோம்.) செடிமுருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டு, மறுதாம்பு (வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்த்து வரும் காய்ப்பு) எடுப்பதே முறை. பூவரசும் கடும் வெட்டைத் தாங்கும். அந்தக் கைப்பழக்கத்தை வேம்பிலும் மாவிலும் தூங்குமூஞ்சியிலும் காட்டுவதுதான் வினை. இவற்றில் ஒரு வருடத்தில் மொத்த இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. வயதான மரமென்றால் அதிலும் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உயரத்தைக் குறைக்கவே முடியாதா? முடியும். நீண்ட கிளையை நடுவில் அறுக்காமல், பக்கக் கிளை பிரியும் இடம் வரை வந்து வெட்ட வேண்டும். அந்தப் பக்கக் கிளை, வெட்டப்படும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 9 செ.மீ. கிளை என்றால் குறைந்தது 3 செ.மீ. பக்கக் கிளை. அதைவிட மெலிந்தது என்றால் பொறுப்பை ஏற்று வளராது, வெட்டுமுனை காயும்.

“காற்று உள்ளே போய் வெளியே வரட்டும்” என்று சொல்லி உள்பக்கச் சிறுகிளைகளை எல்லாம் வழித்தெடுத்து, நுனியில் மட்டும் இலை விடுவது மொட்டையடிப்பதன் தம்பி. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் பாரம் முழுதும் நுனிக்குப் போய்விடுவதால் கிளை அதிகமாக ஆடி, நடுவில் முறியும். உள்ளே இருக்கும் சிறுகிளைகள்தான் அந்த ஆட்டத்தைத் தணிப்பவை. எடுக்க வேண்டியவை பட்டுப்போனவை, ஒன்றோடொன்று உரசுபவை, நோய் கண்டவை, பட்டை உள்மடிந்து குறுகலான கவட்டையோடு வளர்பவை. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரிக் கடலோர வீடுகளில் இன்னொன்றும் உண்டு: கடல் பக்க இலைகள் உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு மற்றவற்றைக் காக்கின்றன. அந்தப் பக்கத்தை மழித்தால் உள்ளே இருக்கும் இளந்தளிர் கருகும்.

இனி வெட்டும் இடம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் ஒன்று தெரியும். காயத்தை மூடும் சதை அங்கிருந்துதான் புறப்படுகிறது. தண்டோடு தண்டாக மழமழவென்று அறுத்தால் வளையம் போய்விடும், காயமும் பெரிதாகும். ஒரு சாண் முண்டு விட்டாலோ, அது காய்ந்து உளுத்து, அழுகலை உள்ளே கொண்டுபோகும். வளையத்தைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே வெட்டுவதே சரி.

மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட கிளையை ஒரே வெட்டில் எடுத்தால், கடைசியில் தன் பாரத்தாலேயே கிழிந்து தண்டுப் பட்டையை உரித்துக்கொண்டு விழும். அதனால் மூன்று வெட்டு. தண்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. வெளியே தள்ளி, மேலிருந்து இரண்டாவது. கிளை விழுந்துவிடும். மிஞ்சிய முண்டை வளையத்துக்கு வெளியே மூன்றாவதாக அறுக்கலாம். அரிவாளால் கொத்தினால் நார்நாராகப் பிய்ந்த காயமே மிஞ்சும், ரம்பம்தான் வேண்டும். நோய் கண்ட மரத்தில் வேலை செய்த ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த மரத்தில் வைக்காதீர்கள். தண்டை ஒட்டிய காயம் 10 செ.மீ.க்கு மேல் போகுமென்றால் அந்தக் கிளையை எடுத்தே ஆக வேண்டுமா என்று மறுபடி யோசியுங்கள்.

வெட்டிய இடத்தில் தார், பெயின்ட், சாணி பூசுவதால் உளுப்பு நிற்பதில்லை. ஈரம் அடியில் தங்கி அழுகலுக்கு வசதியாகிறது. மரம் தன் காயத்தைச் சுற்றித் தானே தடுப்பு எழுப்பும். மாமரத்தின் பெரிய வெட்டுகளில் போர்டோ பசை தடவுவது வேறு கதை, அது பூஞ்சைக்காக: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். பொந்துக்குள் சிமெண்ட் அடைப்பது வேண்டவே வேண்டாம். மரம் ஆடும், சிமெண்ட் ஆடாது. உள்ளே உரசி உரசிப் பொந்து பெரிதாகும்.

எப்போது வெட்டுவது? வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஆவணி கடைசிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமரத்தை அறுவடை முடிந்த கையோடு கவாத்து செய்துவிடலாம். மழை முடிந்த பிறகு வெட்டினால் பூ வரும் நுனிகளைத்தான் வெட்டுகிறீர்கள். பட்ட கிளைக்கு மட்டும் காலம் இல்லை, பார்த்த உடனே எடுக்கலாம்.

வேம்பில் ஒரு தனி எச்சரிக்கை. மழைக்காலத்தில் நுனிக்கொம்புகள் பழுப்பேறிக் கருகி, மரமே செத்துவிட்டது போலத் தோன்றும். தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை அது. இதைப் பார்த்து அடியோடு வெட்டிய வேம்புகள் ஏராளம். கொம்பை நகத்தால் கீறிப் பாருங்கள், பட்டைக்குக் கீழே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பங்குனி வரை பொறுத்தால் பெரும்பாலும் தளிர்விடும். காய்ந்த நுனிகளை மட்டும் கழித்து எரித்தால் போதும். புயலுக்குப் பின் இலை கருகி நிற்கும் மற்ற மரங்களுக்கும் இதே சோதனைதான்.

தென்னையில் பச்சை மட்டையை வெட்டாதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள். புதுக்காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். நீளமான மட்டை இருந்தால் புழு தண்டுக்குள் போய்ச் சேர்வது கடினம். ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டுவதும் அதே வண்டுக்கு அழைப்புதான்.

மேலே எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கீழே கோட்டை விடுபவர்கள் உண்டு. சாலை உயர உயர, வெள்ளத்துக்குப் பயந்து மனையில் கிராவல் அடித்து மேடாக்குகிறோம். அடிமரம் ஓர் அடி புதைந்தால் வேர் மூச்சுத் திணறும், பட்டை அழுகும். மரம் மெல்ல மெல்லச் சாகும். பேவர் கல்லைத் தண்டு வரை பதிப்பதும் அப்படியே. சுற்றிலும் ஒரு மீட்டராவது மண் தெரியட்டும். செப்டிக் டேங்குக்கோ மதிலுக்கோ ஒரு பக்கத்து வேரைத் தண்டை ஒட்டி வெட்டினால், அந்தப் பக்கத்திலிருந்து காற்று தள்ளும்போது பிடித்துக்கொள்ள ஒன்றுமிருக்காது. தண்டின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் தோண்டவே கூடாது; ஐந்து மடங்கு விட்டால் நிம்மதி.

மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள் கிளை இருந்தால், கடலூரில் மின்வாரியம், புதுச்சேரியில் மின்துறை லைனை நிறுத்தாமல் யாரும் ஏறக்கூடாது. மதிலுக்கு வெளியே நிற்கும் சாலை மரம் உங்களுடையது அல்ல. கடலூரில் மாநகராட்சிக்கும் புதுச்சேரியில் உங்கள் நகராட்சிக்கும் மனு கொடுங்கள்.

கடைசியாகக் கூலி. “பணம் வேண்டாம் சார், விறகை எடுத்துக்கிறோம்” என்பார்கள். அந்தப் பேச்சில் விலை போவது தடித்த கிளைகள். எடுக்க வேண்டிய சுள்ளிகள் மரத்திலேயே நிற்கும். கூலியைத் தனியாகப் பேசுங்கள், விறகுக்கு வேறு கணக்கு வையுங்கள். எந்தக் கிளை, எந்த இடம் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, வேலை முடியும் வரை மரத்தடியிலிருந்து தள்ளி, ஆனால் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருங்கள்.