டிசைன் திங்கிங் ப்ராஜெக்ட்ல நூத்துக்கு நூறு 'ஆமா' வந்தா உஷாராகிக்கோங்க

செமஸ்டர் ஆரம்பிச்சா போதும், ஜூனியர் பிள்ளைகள்லாம் டிசைன் திங்கிங் ப்ராஜெக்ட் (ஆளுகள நேர்ல பாத்து, அவங்க பிரச்சினைய கண்டுபிடிச்சு, அதுக்கு ஒரு தீர்வ செஞ்சு பாக்கறது) பிபிடிய வாட்ஸ்அப்ல அனுப்பி 'அண்ணே ஒரு தடவ பாத்து சொல்லுங்க'ன்னு கேக்காங்க, நானும் பாக்கேன், எங்க குரூப்பு அன்னைக்கு எங்க போய் முட்டுச்சோ அதே எடத்துலதான் இவங்களும் போய் முட்டுதாங்க. கடைசியா வந்தது பத்தமடை பாய் பத்தின ப்ராஜெக்ட். ரெண்டாவது ஸ்லைடுலயே ஒரு பை சார்ட், வட்டம் முழுக்க பச்சை. பாய் நெய்யுறவங்க நேரா விக்கிறதுக்கு ஒரு ஆப் இருந்தா யூஸ் பண்ணுவீங்களான்னு கேட்டிருக்காங்க, எல்லாரும் ஆமான்னு சொல்லியிருக்காங்க.

அந்தப் பச்சை வட்டத்தப் பாத்து வந்த எரிச்சல்லதான் இத எழுதுதேன். வேலைய கடைசி நாளுக்கு தள்ளாதீங்க, ஸ்லைடுல எழுத்த கொறைங்க, ரிப்போர்ட்ட காப்பி அடிக்காதீங்க, இதெல்லாம் உங்க ஸ்டாஃபே சொல்லிருவாங்க. நான் மத்தத சொல்லுதேன்.

## பிள்ள பொறக்க முன்ன பேரு வைக்காதீங்க

ஆப்புக்கு பேரு, லோகோ, டேக்லைன் எல்லாம் ரெடியா இருக்கு, பிரச்சினை மட்டும் இனிமேதான் தேடணும். பேரு வச்சுட்டா அப்புறம் அத விட மனசே வராது. லோகோவ கடைசி வாரத்துல வரைங்க.

## 'இப்படி ஒண்ணு இருந்தா யூஸ் பண்ணுவீங்களா?'

இத மட்டும் விரிவா சொல்லுதேன், ஏன்னா மத்த தப்பெல்லாம் மார்க்க கொறைக்கும், இது மொத்த ப்ராஜெக்டையும் தப்பான பக்கம் இழுத்துட்டுப் போயிரும், அதுவும் நாம சரியாத்தான் போறோம்னு நம்ப வச்சே இழுத்துட்டுப் போகும்.

எங்க குரூப்பு எடுத்தது பீடி சுத்துறவங்களோட முதுகுவலி. திருநெல்வேலி, தென்காசி பக்கத்து ஆளுக யாருக்கும் இத வெளக்க வேண்டியதில்ல, மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம்னு எங்க போனாலும் திண்ணையில கால நீட்டி, மடியில சொளவ வச்சு அக்காமாரும் ஆச்சிமாரும் ஒக்காந்திருப்பாவ. நனைச்ச எலைய தகடு வச்சு கத்திரியால வெட்டி, தூள வச்சு சுருட்டி, நூலக் கட்டி, முனைய மடக்கணும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. நாங்க ஊருக்குள்ள போக முன்னயே முடிவு பண்ணிட்டோம்: முதுகு சாய ஒரு சீட்டு, முன்னால ஒரு சின்ன பலகை, மேல ஒரு எல்இடி லைட்டு. படத்த செல்லுல வச்சுக்கிட்டு வீடு வீடா போய் 'ஆச்சி, இப்படி ஒண்ணு வந்தா யூஸ் பண்ணுவியளா?'ன்னு கேட்டோம்.

என்ன சொல்லுவாவ? 'நல்லாருக்கேய்யா, செய்ங்க செய்ங்க.' ஒரு வீட்டுல பேரன கடைக்கு அனுப்பி எங்க எல்லாருக்கும் கலரு வாங்கிக் குடுத்தாவ, அதுவும் பீடி சுத்துன காசுல. வெயில்ல அலைஞ்சு வீடு தேடி வந்த பிள்ளைககிட்ட 'இது எனக்கு வேண்டாம்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லுற பழக்கம் நம்ம பக்கம் கிடையாது. வந்தவங்களுக்கு குடுத்த மரியாதை அது, நாங்க அத டேட்டான்னு எக்செல்ல ஏத்திட்டோம். இன்னொண்ணும் இருக்கு. கழுத்துல ஐடி கார்டும் கையில நோட்டுமா போனா கவர்மெண்டு ஆளுன்னுதான் நெனப்பாவ, 'லோன் எதும் வருமாய்யா?'ன்னு பல வீட்டுல கேட்டாவ, ஏதோ வரும்னு ஒரு சின்ன நம்பிக்கை இருக்கற எடத்துல யாரு வேண்டாம்னு சொல்லுவா?

ஆளுக்கு கொஞ்சம் காசு போட்டு பாளையங்கோட்டையில ஒரு வெல்டிங் பட்டறையில சீட்ட செஞ்சு கொண்டுபோய் குடுத்தோம். கொஞ்ச நாள் கழிச்சுப் போய்ப் பாத்தா சீட்டு செவுத்தோரமா நிக்கி, அது மேல துவைச்ச துணி கெடக்கு, ஆச்சி வழக்கம்போல தரையில. அப்பவும் கேட்டா 'நல்லாருக்குய்யா'ன்னுதான் பதில்.

அதுக்குப் பொறவுதான் எதும் கேக்காம சும்மா ஒக்காந்து பாத்தோம். காலையில ஒரு பக்கம் நிழலு, மத்தியானம் இன்னொரு பக்கம், நிழலு நகர நகர அவங்களும் நகருதாவ, பக்கத்து வீட்டு மைனி எங்கன இருக்காவளோ அங்கன போய் ஒக்காருதாவ, நடுவுல உலையப் பாக்க எந்திரிக்காவ, பிள்ளைக்கு சோறு போட எந்திரிக்காவ, இரும்புச் சீட்ட தூக்கிட்டு யாரு அலைவா? முதுகுவலி பொய்யில்ல, அது இருக்கு. ஆனா அவங்க எங்ககிட்ட திரும்பத் திரும்ப சொன்னது எலையப் பத்தி. வேலை குடுக்குற எடத்துல ஆயிரம் பீடிக்குன்னு நிறுத்துக் குடுக்குற எலையில ஓட்டையும் கிழிசலும் போக மிச்சம் ஆயிரத்துக்கு பத்தாது, பத்தாததுக்கு கைக்காச போட்டு வெளிய எலை வாங்கித்தான் கணக்க ஒப்பேத்தணும், அப்படி சுத்தி கொண்டுபோனாலும் இது சரியில்ல அது சரியில்லன்னு கழிச்சுட்டா கழிச்ச பீடிக்கு கூலி இல்ல. இதெல்லாம் மொத நாளே சொல்லிட்டாவ, ரெக்கார்டிங்ல தெளிவா இருக்கு. எங்க ஷீட்டுல அதுக்கு கெடைச்ச எடம் ஓரத்துல இருந்த கடைசிக் கட்டம், 'இதர கருத்துகள்'. இத நெனச்சா எனக்கு இன்னைக்கும் ஆத்திரம் வருது. தன் காசு எங்க ஒழுகுதுன்னு ஒரு ஆச்சி வாய்விட்டு சொல்லுதாவ, எதிர்ல ஒக்காந்திருக்கவன் சீட்டு எத்தன இஞ்சு உயரம் வேணும்னு குறிச்சுக்கிட்டு இருக்கான்.

கேக்காம பாத்தா என்ன கெடைக்கும்னு இன்னொரு கதை சொல்லுதேன். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில 2007-ல ஒரு மாணவர் குழுவுக்கு கொறமாசக் குழந்தைகளுக்கு மலிவா ஒரு இன்குபேட்டர் செய்யச் சொல்லி வேலை குடுத்திருந்தாங்க. அதுல ஒருத்தர் நேபாளத்துக்குப் போய் பாத்தா ஆஸ்பத்திரியில இன்குபேட்டர் இருக்கு, ஆனா காலியா கெடக்கு. குழந்தைங்க பொறக்கறது கிராமத்து வீட்டுல, அங்க கரண்டும் இல்ல, ஆஸ்பத்திரி வந்து சேர வழியும் இல்ல. அதனால குழந்தைய சுத்தி வைக்க ஒரு பை செஞ்சாங்க, உள்ள வைக்கிற மெழுகுத் தன்மையான பொருள சூடாக்கி வச்சா 37 டிகிரி கிட்ட மணிக்கணக்கா சூடு நிக்கும். எம்ப்ரேஸ்னு அதுக்குப் பேரு, பொறவு பெங்களூர்ல இருந்து வேலைய தொடர்ந்தாங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க, ஆஸ்பத்திரியில போய் 'மலிவா இன்குபேட்டர் தந்தா வாங்குவீங்களா'ன்னு கேட்டிருந்தா அங்கயும் ஆமான்னுதான் சொல்லியிருப்பாங்க, சொன்னது உண்மையாவும் இருந்திருக்கும், ஒரு குழந்தைக்கும் உதவியிருக்காது.

அப்ப எப்படித்தான் கேக்கறது? நடக்கப்போறத கேக்காதீங்க, நடந்தத கேளுங்க. 'நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க ஆச்சி.' 'கடைசியா எப்ப எலை பத்தாம போச்சு? அன்னைக்கு என்ன செஞ்சிய? எவ்வளவு குடுத்திய?' 'முதுகு வலிச்சப்போ என்ன பண்ணுனிய?' ஒரு பிரச்சினைக்கு ஏற்கனவே காசோ நேரமோ செலவழிச்சிருந்தா அது நெசமான பிரச்சினை. பழைய சேலைய மடிச்சு இடுப்புக்கு அடியில வச்சிருந்தா அதப் பாருங்க, தூணுல சாஞ்சிருந்தா ஏன் அந்தத் தூணுன்னு கேளுங்க. பத்தமடைக்குப் போற பிள்ளைகளா இருந்தா, கடைசியா நெய்ஞ்ச பாய் யாருக்குப் போச்சு, என்ன வெலைக்குப் போச்சு, காசு கைக்கு எப்ப வந்துச்சு, இந்த மூணுதான். உங்க ஐடியாவ பத்தி மூச்சு விடாதீங்க.

வேலைய நிறுத்தவும் வைக்காதீங்க. எண்ணிக்கைக்கு கூலி வாங்குறவங்ககிட்ட ஒரு மணி நேரம் பேட்டி எடுத்தா அது அவங்க கைக்காசு. அவங்க சுத்திக்கிட்டே பேசட்டும், நீங்க தரையில பக்கத்துல ஒக்காருங்க. வேலை குடுக்குற எடத்து ஆள தொணைக்கு கூட்டிட்டு மட்டும் போயிராதீங்க, அவரு நிக்கையில எலையப் பத்தி ஒரு வார்த்தை வராது.

## படிக்காம ஊருக்குள்ள எறங்கறது

எம்பதின்னா, அதாவது ஆளுகளோட நெலமைய அவங்க எடத்துல இருந்து புரிஞ்சுக்கறதுன்னா, நேரா போய் பேசறது மட்டும்னு நெனச்சுக்கிட்டோம். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்குன்னு 1966-லயே ஒரு சட்டம் போட்டாங்க, வீட்டுல இருந்து சுத்துறவங்களும் அதுல வந்தாங்க (2025-ல அதுக்குப் பதிலா புது தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்திருச்சு). மூலப்பொருள் குடுக்கறதுல வர்ற தகராறு, பீடிய கழிக்கறதுல வர்ற தகராறு, இத யாரு தீத்து வைக்கணும்னு அதுல ஒரு பிரிவே எழுதியிருந்தாங்க. பிரச்சினை எலையிலயும் கழிவுலயும் இருக்குன்னு 1966-லயே தெரிஞ்சுதான சட்டத்துல எழுதியிருக்காங்க, நாங்க பஸ் ஏற முன்ன ஒரு சாயங்காலம் ஒக்காந்து படிச்சிருந்தா சீட்ட பத்தி யோசிச்சிருக்கவே மாட்டோம். எலை வர்றதே மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காட்டுப் பக்கத்துல இருந்து, கோடையில பறிக்கிறது. கட்டுக்கு கட்டு ஏன் தரம் மாறுதுன்னு கேக்கவாவது அது தெரிஞ்சிருக்கணும்.

## பொம்பளப் பிள்ளைகளுக்கு பிபிடி, பசங்களுக்கு ஃபீல்டு

அநேகமா எல்லா குரூப்புலயும் இப்படித்தான் பிரிக்காங்க, எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கல. எங்க குரூப்புல ஒரு தங்கச்சி ஒரே ஒரு நாள் கூட வந்தா. பசங்க நாங்க தெருவுல நின்னு கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தோம், அவள அடுப்படிக்கே கூட்டிட்டுப் போயிட்டாவ, வலிக்கு தெனமும் மெடிக்கல்ல மாத்திரை வாங்கி முழுங்கறது, எலை வாங்குன காசு வீட்டுக்காரருக்குத் தெரியாம இருக்கறது, எல்லாம் அவகிட்டதான் சொன்னாவ. திரும்பி வந்ததும் நாங்க அவகிட்ட குடுத்த வேலை ஸ்லைடுக்கு கலர் மாத்தறது. பொம்பளைங்க வேலைய பத்தின ப்ராஜெக்ட்னா பேச்ச அவங்க நடத்தட்டும், பசங்க நோட்டு எடுக்கட்டும்.

ஐடியா யோசிக்கற அன்னைக்கும் சத்தமா பேசறவன் ஐடியாதான் ஜெயிக்கும். மொதல்ல ஆளாளுக்கு பேசாம பேப்பர்ல எழுதுங்க, எல்லாத்தையும் செவுத்துல ஒட்டுங்க, பேச்சு அதுக்கப்புறம்.

## கற்பனை பெர்சோனா

பெர்சோனான்னா நம்ம யூசர் எப்படிப்பட்டவங்கன்னு ஒரு ஆளா எழுதுற குறிப்பு. 'லட்சுமி, வயசு 42, ஸ்மார்ட்போன் உண்டு.' பாக்காத ஆளுக்கு ஜாதகம் எழுதாதீங்க.

## அஞ்சு ஸ்டேஜையும் டிக் அடிச்சுட்டுப் போறது

எம்பதைஸ் (ஆளுகள புரிஞ்சுக்கறது), டிஃபைன் (பிரச்சினைய ஒரு வாக்கியமா எழுதறது), ஐடியேட் (வழி யோசிக்கறது), ப்ரோட்டோடைப் (மாதிரி செய்யறது), டெஸ்ட் (அத குடுத்துப் பாக்கறது). ஸ்டான்ஃபோர்டுல டிசைன் சொல்லிக் குடுக்குற டி.ஸ்கூல் மூலமா பரவுன வரிசை இது, ஆனா இத ஒரே நேர்கோட்டுல போகணும்னு அவங்களே சொல்லல. பிரிட்டன்ல டிசைன் கவுன்சில்ங்கற அமைப்பு 'டபுள் டைமண்டு', அதாவது ரெட்டை வைரம்னு படம் போட்டாங்க, மொத வைரம் சரியான பிரச்சினைய கண்டுபிடிக்க, ரெண்டாவது வைரம் சரியான தீர்வுக்கு. நம்ம பிள்ளைக நேரா ரெண்டாவது வைரத்துக்குள்ள குதிச்சிருதாங்க, மொத வாரம் எம்பதி முடிஞ்சதுன்னு டிக் போட்டுட்டா அப்புறம் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல.

டிஃபைன்ல எழுதுற வாக்கியத்த பாத்தாலே தெரிஞ்சுபோகும். 'பீடி சுத்துறவங்களுக்கு நல்ல சீட்டு வேணும்'னா அதுக்குள்ள தீர்வு ஏற்கனவே ஒளிஞ்சிருக்கு. 'வீட்டுல பீடி சுத்துற அக்காவுக்கு, குடுத்த எலை ஆயிரத்துக்கு பத்துமா பத்தாதான்னு வாங்குற எடத்துலயே தெரியணும்'னா அது பிரச்சினை, அதுக்கு பத்து வழி யோசிக்கலாம். டெஸ்ட் பண்ணுனதும் திரும்ப மொதல்ல இருந்து போக வேண்டி வரும், அதுக்குன்னு ஒரு சனிக்கிழமையையும் பஸ்ஸு காசையும் முன்னாடியே ஒதுக்கி வைங்க.

## ப்ரோட்டோடைப்ப பளபளன்னு செய்யாதீங்க

பெயிண்ட் அடிச்ச இரும்புச் சீட்ட பாத்து யாரும் குறை சொல்லல, பிள்ளைக இவ்வளவு செலவு பண்ணியிருக்கேன்னு. ரெண்டாவது தடவ நாங்க கொண்டுபோனது வெறும் அட்டை. எலை வாங்குன எடை, வந்த பீடி, வெளிய எலை வாங்குன காசு, கழிச்சது, இத தெனமும் குறிக்க ஸ்கெட்ச் பேனால கட்டம் போட்டிருந்தோம். அதே ஆச்சி கையில வாங்குன ஒடனே, 'இம்புட்டு கட்டம் எதுக்குய்யா, எனக்கு எழுத ஏது நேரம், கோடு கிழிக்க மட்டும் எடம் விடு'ன்னாவ, இன்னொரு அக்கா 'கழிச்சத பீடிக்கணக்கா போடாத, கட்டுக்கணக்கா போடு'ன்னாவ. அங்கயே பேனாவ எடுத்து மாத்தி எழுதினோம். அட்டை, தெர்மாகோல், ஓரம் கிழிஞ்ச பேப்பர், இதுதான் வாயத் தொறக்க வைக்கும்.

## ஹாஸ்டல் ரூம்மேட்டு உங்க யூசர் கிடையாது

அவன்கிட்ட டெஸ்ட் பண்ணாதீங்க.

## ரிவ்யூல 'எத்தன ரெஸ்பான்ஸ்?'னு கேட்டா

கேப்பாங்க, நூறு பேருகிட்ட சர்வே எடுத்தியான்னு கேப்பாங்க, அந்த பயத்துலதான் எல்லாரும் கூகுள் ஃபார்ம்ல போய் விழுதாங்க. எண்ணிக்கை வேண்டாம்னு நான் சொல்லல. கருத்த எண்ணாதீங்க, நடந்தத எண்ணுங்க. பேசுனதுல எத்தன பேரு போன மாசம் கைக்காச போட்டு எலை வாங்குனாவ, எவ்வளவுக்கு வாங்குனாவ, எத்தன கட்டு கழிவு போச்சு. இந்த அட்டவணை பத்து வரி இருந்தாலும் ரிவ்யூ பண்றவரு அதுல இருந்துதான் அடுத்த கேள்விய கேப்பாரு, பை சார்ட்ட பாத்து யாரும் எதும் கேக்க மாட்டாங்க. சந்தேகப்பட்டாருன்னா ரெக்கார்டிங்ல அந்த நிமிசத்த போட்டுக் காட்டுங்க. ஆனா அத வகுப்புல போடலாமான்னு பேசுனவங்ககிட்ட அன்னைக்கே கேட்டு வச்சிருக்கணும், அவங்க பேரும் எங்க எலை வாங்குதாங்கங்கற விவரமும் வர்ற எடத்த வெட்டிருங்க, இல்லன்னா அடுத்த தடவ எலை வாங்கப் போகையில கஷ்டப்படப் போறது அவங்கதான்.