பெங்களூரிலிருந்து மதுரைக்கு எவ்வளவு நேரம்? வாசலிலிருந்து கணக்குப் போடுவோம்

“ஃப்ளைட்டில் ஒன்றேகால் மணி நேரம்தான்டா, பஸ்ஸில் போய் ஏன் இடுப்பை ஒடித்துக்கொள்கிறாய்?” என்று அறை நண்பன் கேட்டதும் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அவன் சொல்வது நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூர் விமான நிலையத்தில் ஏறி மதுரை விமான நிலையத்தில் இறங்கும் நேரம். நீங்கள் இருப்பது நகரத்தின் தெற்குக் கோடியில், எலக்ட்ரானிக் சிட்டியில்.

முதலில் வான்வழித் தூரம். கூகுள் மேப்பில் பெங்களூர் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும், அதில் தூரத்தை அளவிடும் வசதியைத் தட்டி, கோட்டை மதுரைவரை இழுங்கள். சுமார் 340 கிலோமீட்டர். மேப் இல்லாமலும் பார்க்கலாம்: பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையை ஒட்டி, மதுரை 10க்குச் சற்றுக் கீழே, டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்றால் 333, மதுரை கொஞ்சம் கிழக்கே தள்ளியிருப்பதற்கு மேலே சில கிலோமீட்டர்.

அடுத்து சாலை. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாகச் சுமார் 435. வான்வழித் தூரத்தை 1.25 அல்லது 1.3ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இந்தப் பெருக்கலை நம்ப வேண்டாம்.

இப்போது நேரம். 435ஐ நூறால் வகுக்கிறவர்கள் தருமபுரி தாண்டி வரும் தொப்பூர் மலை இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில்லை என்று அர்த்தம். 60ஆல் வகுங்கள், ஏழேகால் மணி. சாப்பாட்டுக்கு முக்கால் மணி சேர்த்தால் எட்டு. அப்புறம், மேப்பில் புறப்படும் நேரத்தை நீங்கள் நிஜமாகக் கிளம்பும் நாளுக்கு மாற்றிப் பாருங்கள். பெங்களூர் வந்த பிறகு முதல் தீபாவளிக்கு நான் செவ்வாய் ராத்திரி பத்து மணிக்குப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் பஸ் ஏறினேன். ஓசூருக்கு முன்பே வரும் அத்திப்பள்ளி டோலைத் தாண்டும்போது எட்டரை, வீட்டில் கட்டிக் கொடுத்த புளிசாதம் அதற்குள் தீர்ந்திருந்தது.

விமானத்துக்குத் துண்டு துண்டாகக் கூட்டுங்கள். நகரத்தைக் குறுக்கே கடந்து தேவனஹள்ளி போக இரண்டு மணி (தெற்கே போக வேண்டியவர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போகிறீர்கள், டாக்ஸி போய்ச் சேரும் நேரத்தில் பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டியிருக்கும்). கவுன்ட்டரை ஒரு மணி முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றரை மணி முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பறக்க ஒன்றேகால், பெட்டி வர அரை, ஊருக்குள் போக அரை. ஆக ஐந்தே முக்கால். மிச்சம் இரண்டேகால் மணிதான், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்கள் பாடு.

சொந்த ஊர் திண்டுக்கல் என்றால் கதை வேறு. மதுரையில் இறங்கி, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் போய் பஸ் பிடித்து, அறுபது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பி வர வேண்டும். பஸ்ஸில் வந்தவர் ஏறக்குறைய அதே நேரத்தில் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

பெங்களூரின் வடக்கே ஹெப்பாளில் இருக்கும் சித்தப்பாவுக்கோ விமான நிலையம் முக்கால் மணி, ஓசூர் ரோட்டைப் பிடிக்கத்தான் ஒன்றரை மணி. அவர் திண்டுக்கல்லுக்கும் ஃப்ளைட்டில்தான் போகிறார்.