கிராண்ட் கேன்யன் பக்கம் கார் பயணமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

லாஸ் வேகாஸில் விமானம் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, ஸயான், பிரைஸ் தேசியப் பூங்காக்கள், பேஜ் ஊர், மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே விமான நிலையத்துக்குத் திரும்புவது. அமெரிக்கத் தென்மேற்குப் பாலைக்குப் போகிற நம்மவர்கள் பலர் போடும் திட்டம் இதுதான். பாதையில் குறையில்லை. அதை நீண்ட வாரயிறுதியின் நான்கு நாளில் முடிக்க நினைப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

மொத்தத் தூரம் ஏறக்குறைய 1,600 கி.மீ. கூகுள் மேப் பதினெட்டு மணி நேரத்தை ஒட்டிக் காட்டும். நாலால் வகுத்தால் நாளுக்கு நாலரை மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த நாலரை மணி நேரம் எந்தப் பொழுதில் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. காலை உணவை முடித்து ஒன்பது மணிக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று, நான்கு மணிக்கு அடுத்த ஊருக்குப் புறப்படுகிறோம். நண்பகலில் பாறைகள் வெளுத்துத் தட்டையாகத் தெரியும். ஆழம் என்பதே நிழலால் தெரிவது. அந்த நிழல் விழுவது சூரியன் எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலும் மறைவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரத்திலும்தான். பார்க்க வேண்டிய பொழுதையெல்லாம் காருக்குள் கழித்துவிட்டு, "போட்டோவில் பார்த்த மாதிரி இல்லையே" என்று திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அதனால் பெயர்களைக் குறையுங்கள். நான்கு நாள்தான் இருக்கிறது என்றால் ஸயானும் பிரைஸும் போதும். அல்லது கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பும் பேஜும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இரவு தங்கினால் ஓர் அந்தியும் ஒரு விடியலும் முழுதாகக் கிடைக்கும். அறை வாடகை கூடினாலும் பூங்காவுக்குள்ளேயோ வாசலை ஒட்டியோ தங்குவது நல்லது. இருட்டிய பிறகு இந்தச் சாலைகளில் ஓட்டவும் கூடாது. வேலி இல்லாத மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் சாலையில் நிற்கும், மான்கள் குறுக்கே பாயும், விளக்குக் கம்பம் ஒன்றுகூட இருக்காது.

முன்பதிவு செய்யும்போது எந்த விளிம்பு என்று பாருங்கள். கிராண்ட் கேன்யனுக்குத் தெற்கு, வடக்கு, மேற்கு என்று மூன்று பக்கம் உண்டு. தெற்கிலிருந்து நேர் எதிரே தெரியும் வடக்கு விளிம்பு பறவைக்கு 16 கி.மீ. காருக்கு 340 கி.மீ.க்கு மேல், நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. பனிக்காலத்தில் வடக்குப் பக்கச் சாலை மூடப்படும். 2025 ஜூலையில் பரவிய காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதியும் எரிந்துபோனது. எனவே அங்கே போக நினைத்தால் பூங்காவின் தளத்தில் அப்போதைய நிலைமையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கண்ணாடித் தரையோடு 2007இல் திறந்த ஸ்கைவாக் இருப்பது மேற்கில். அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்கா இல்லை. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அட்டை அங்கே செல்லாது, தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். வேகாஸிலிருந்து கிட்டே இருக்கிறது என்று அங்கே மட்டும் போய்விட்டு கிராண்ட் கேன்யனைப் பார்த்தாயிற்று என்று திரும்பாதீர்கள். அந்தப் பெரிய விரிவு தெற்கு விளிம்பில்தான் கண்ணில் படும்.

அட்டை விஷயத்தில் 2026 ஜனவரி முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு அட்டை 80 டாலர், வசிக்காதவர்களுக்கு 250 டாலர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அட்டை இல்லாமல் போனால் கிராண்ட் கேன்யன், ஸயான், பிரைஸ் உள்ளிட்ட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். ஊரிலிருந்து அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இந்தக் கணக்கை முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பேஜ் அருகே ஆறு குதிரை லாடம்போல் வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டின் பார்க்கிங்குக்கும் மான்யுமென்ட் வேலிக்கும் எந்த அட்டையும் உதவாது. பேஜ் நகராட்சி ஒன்றிலும் நவஹோ பழங்குடி மக்கள் இன்னொன்றிலும் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

கடிகாரத்தால் ஏமாந்துபோகிறவர்களும் உண்டு. அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதில்லை. யூட்டா தள்ளுகிறது. அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலமும் தள்ளுகிறது. அந்த நவஹோ நிலத்துக்கு நடுவே இருக்கும் ஹோபி பழங்குடியினரின் நிலம் தள்ளுவதில்லை. பேஜ் ஊர் இந்த எல்லைகளின் ஓரத்தில் இருப்பதால், செல்போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். பேஜ் பக்கத்தில் குறுகிய பாறைப் பிளவாக இருக்கும் ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நிலத்தில் இருந்தாலும் அங்கே சுற்றிக்காட்டுகிறவர்கள் பேஜின் அரிசோனா நேரத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். மான்யுமென்ட் வேலியிலோ யூட்டா நேரம். மாதக்கணக்கில் முன்னால் காசு கட்டிப் பதிவு செய்த நுழைவு, ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் போனதுதான். பேஜில் இருக்கும்போது போனின் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு ஃபீனிக்ஸ் நேரத்தைக் கையால் வையுங்கள்.

இனி, உயிரோடு விளையாடும் தவறு. தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறதே என்று குறுகிய பள்ளத்தாக்குக்குள் இறங்குவது. 1997 ஆகஸ்ட் 12ஆம் தேதி லோயர் ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை பெரிதாக இல்லை, பல மைல் தள்ளிக் கொட்டிய இடிமழையின் தண்ணீர் அது. 2015 செப்டம்பர் 14ஆம் தேதி ஸயானின் கீஹோல் கேன்யனுக்குள் அனுமதிச் சீட்டோடு இறங்கிய 7 பேரும் அப்படியே போனார்கள். நம் ஊர்ச் செம்மண்ணில் மழை பெய்தால் முதலில் மண் குடிக்கும். இங்கே மொட்டைப் பாறையும் வெந்து இறுகிய தரையும் ஒரு சொட்டையும் குடிப்பதில்லை. சுற்றுவட்டாரத் தண்ணீர் முழுவதும் சரிந்து, ஒரு ஆள் அகலமே உள்ள பிளவுக்குள் புகுந்தால் சில நிமிடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் ஏறிவிடும். பக்கச்சுவரில் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது.

ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை இங்கே பருவமழைக் காலம், இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். அந்த மாதங்களில் இத்தகைய இடங்களைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸயான் பூங்காவில் திடீர் வெள்ள வாய்ப்பை நாள்தோறும் அறிவிக்கிறார்கள். அதைப் பார்க்காமல், ஆற்றுக்குள்ளேயே நடந்து போகும் நேரோஸ் பக்கம் கால் வைக்காதீர்கள். ஆன்டிலோப்பில் இன்று வழிகாட்டி இல்லாமல் யாரையும் விடுவதில்லை. அவர் மழையைச் சொல்லி ரத்து செய்தால் பணத்துக்காக வாதாடாதீர்கள், பத்து மைலுக்கு அப்பால் இருக்கும் மேகத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர்.

வெயிலைப் பொறுத்தவரை, சென்னை வெயிலையே பார்த்தவர்கள் நாம் என்ற நம்பிக்கைதான் ஆபத்து. சென்னையில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கும். இங்கே காற்று அவ்வளவு வறண்டது, வியர்ப்பதே தெரியாமல் உடல் காய்ந்துபோகும். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பிலிருந்து இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்குவது சுகமாக இருக்கும். இறங்க இறங்க வெப்பம் கூடும். கிராண்ட் கேன்யனின் அடித்தளம் விளிம்பைவிடப் பத்து டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும். ஏறுவதற்கு இறங்கியதைப்போல் இரு மடங்கு நேரம் பிடிக்கும். அதுவும் களைத்த பிறகு, வெயில் முற்றிய பிறகு. ஒரே நாளில் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றங்கரை வரை போய்த் திரும்பாதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் எழுதி வைத்திருப்பது சும்மா இல்லை. கோடையில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை பாதையில் இருக்கவே வேண்டாம் என்கிறார்கள். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. இரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. தண்ணீரோடு உப்புள்ள தீனியும் வேண்டும். வீட்டு முறுக்கும் மிக்சரும் இங்கே நன்றாகவே பயன்படும்.

பெட்ரோல், தொலைபேசி இரண்டுக்கும் ஒரே விதி: இருக்கும்போதே தயாராகிவிடுங்கள். யூட்டாவில் ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் இடையே சுமார் 177 கி.மீ.க்கு பெட்ரோல் பங்க் கிடையாது. பாதி டேங்க் ஆனதும் நிரப்புங்கள். மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். ஜிபிஎஸ் காட்டும் குறுக்கு வழி மண் சாலையாக இருந்தால் திரும்பிவிடுங்கள். காட்டன்வுட் கேன்யன் ரோடு போன்றவை ஒரு மழைக்குக் களிமண்ணாகிச் சக்கரத்தை விடாது. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் மண் சாலையை அனுமதிப்பதில்லை, இழுவை வண்டிச் செலவு உங்கள் தலையில் விழும்.

ஸயானின் செங்குத்துப் பாறை முகடான ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற 2022 முதல் லாட்டரி முறையில் அனுமதி. அரிசோனா-யூட்டா எல்லையில் அலை அலையாக வளைந்திருக்கும் தி வேவ் பாறைக்கு ஒரு நாளைக்கு 64 பேர்தான். இரண்டும் கிடைத்தால் போங்கள், அவற்றை நம்பி விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

நவஹோ நிலத்தில் மது வைத்திருக்கவே தடை. டிரோன் அங்கேயும் தேசியப் பூங்காக்களிலும் கூடாது. நவஹோ நிலத்தில் குடும்பங்கள் வாழ்கின்றன, ஆட்களையும் வீடுகளையும் கேட்காமல் படம் எடுப்பது அநாகரிகம். ஹார்ஸ்ஷூ பெண்டில் கைப்பிடிக் கம்பி ஒரு பகுதியில்தான் உண்டு, கீழே 300 மீட்டர். விளிம்பு மணற்பாறை உதிரக்கூடியது. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர்தான் நல்ல காலம். பள்ளி விடுமுறை, பெற்றோரின் வருகை என்று ஜூலையைத் தவிர வழியில்லை என்றால், தூரத்தைப் பார்க்காமல் உயரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள். கலிபோர்னியாவின் டெத் வேலியை விட்டுவிடுங்கள், 1913 ஜூலையில் 56.7 டிகிரி பதிவான இடம் அது. பிரைஸ் கேன்யன் 2,400 மீட்டருக்கு மேல். யூட்டாவிலேயே இருக்கும் சீடர் பிரேக்ஸ் 3,000 மீட்டரைத் தாண்டும். ஜூலையிலும் அங்கே காலையில் ஸ்வெட்டர் தேடுவீர்கள். பிரைஸில் சன்ரைஸ் பாயின்டுக்கும் சன்செட் பாயின்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தார்ப்பாதை விளிம்பை ஒட்டியே போகிறது. முட்டி வலிக்காரர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அதில் போய்வரலாம். சிவந்த பாறைத் தூண்கள் வழி நெடுகக் கண் முன்னே நிற்கும். விடியற்காலையில் அழைத்துப் போங்கள்.