செங்கோண முக்கோணத்துக்குள் இன்னும் இரண்டு

புளியரையில் என் திண்ணைக்கு டியூஷன் வரும் பிள்ளைகள் தடுமாறும் படம் இது: அஆஇ முக்கோணம், ஆ-வில் 90°. ஆ-விலிருந்து கர்ணத்துக்கு இறக்கிய செங்குத்து அதை ஈ-யில் தொடுகிறது. அ-வில் 32° மட்டும்தான் தந்திருக்கிறது; மற்ற கோணங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இ-யில் 58°, 90-இல் 32 கழித்தால் சரி. அப்புறம் அஆஈ முக்கோணத்தைப் பாருங்கள். ஈ-யில் 90°, அ-வில் 32°. ஆகவே ஆ-வில் அந்தப் பக்கம் 58°, மறுபக்கம் மிச்சம் 32°. ஆக, உள்ளே இருக்கும் இரண்டு முக்கோணங்களிலும் அதே 32°, 58°, 90°தான்.

இன்னும் மனசு ஒப்பவில்லையா? பழைய நோட்டு அட்டையில் வரைந்து, 32°-க்கு ஒற்றை வளைவு, 58°-க்கு இரட்டை வளைவு போடுங்கள். வெட்டி, செங்குத்துக் கோட்டிலும் நறுக்குங்கள். சின்னத் துண்டைப் புரட்டாமல் சுழற்றி, பெரியதன் மேல் ஒற்றை வளைவுகள் சேர வையுங்கள். ஓரங்கள் இரண்டும் அப்படியே படியும். பிள்ளைகள் கண் விரிவது அந்த இடத்தில்தான்.