கிளாட் பேசேஜ்ல காவேரி வந்தா என்ன பண்ணுவீங்க?

எங்க அக்கா பொண்ணு பெங்களூர் ஸ்ரீராமபுரத்துல இருக்கா, பன்னெண்டாவது படிக்கிறா, லா காலேஜ்ல சேர கிளாட் நுழைவுத்தேர்வு எழுதப்போறா. போன ஞாயித்துக்கிழமை மாக் டெஸ்ட் முடிச்சிட்டு வந்து "சித்தி, பேசேஜ் முழுக்க புரிஞ்சுது, ஆனா அஞ்சுல மூணு தப்பு"ன்னு மூஞ்ச தொங்கப்போட்டு உட்கார்ந்துட்டா. வாங்கி பாத்தா பேசேஜ் காவேரி தீர்ப்பு பத்தி. 2016 செப்டம்பர்ல இங்க பஸ்ஸ எல்லாம் கொளுத்தினப்ப சின்னப்புள்ளையா வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தவ, பேசேஜ படிச்சுட்டு பதில மனசுலேர்ந்து எழுதிட்டா. பிரச்சினையே அதான்.

முதல்ல பேப்பர் எப்படின்னு பாத்துக்கோங்க. 120 கேள்வி, 120 நிமிஷம், ரைட்டுக்கு 1 மார்க், தப்புக்கு 0.25 போயிடும். இங்கிலீஷ் பகுதியில மட்டும் 22லேர்ந்து 26 கேள்வி, ஒவ்வொரு பேசேஜும் 450 வார்த்தை வரைக்கும் வரும். லீகல், லாஜிக்கல், கரண்ட் அஃபேர்ஸ் எல்லாமே பேசேஜ் குடுத்துதான் கேக்குறாங்க, அதனால இங்க ஓட்டை இருந்தா பேப்பர் முழுக்க ஒழுகும். அஞ்சு கேள்வி உள்ள பேசேஜுக்கு அஞ்சு நிமிஷம்தான் கணக்கு, அதுல ரெண்டு, ரெண்டரை நிமிஷம் படிக்கறதுக்கு.

கேள்விய முதல்ல பாக்கணுமா பேசேஜ முதல்ல படிக்கணுமான்னு ஒரு சண்டை எப்பவும் உண்டு. நான் பேசேஜ் கட்சி. கேள்விய படிச்சுட்டு போனா கண்ணு அந்த வார்த்தையவே தேடிட்டு இருக்கும், எழுதினவர் என்ன சொல்ல வர்றார்ங்கறது கைய விட்டு போயிடும். படிக்கறப்ப பென்சில் கையில இருக்கட்டும், 'பட்', 'ஹவெவர்', 'ஆல்தோ' வர்ற இடத்துல ஒரு சின்ன வட்டம், ஏன்னா அங்கதான் எழுதினவர் திரும்புறார், கேள்வியும் நிறைய அங்கேர்ந்துதான் வரும். ஒவ்வொரு பாராவும் முடிஞ்சதும் ஓரத்துல மூணு வார்த்தை எழுதுங்க, போதும்.

இப்ப ஒண்ணு போட்டுப் பாப்போம். பரீட்சை இங்கிலீஷ்லதான், நம்ம வசதிக்கு தமிழ்ல தர்றேன்:

"2018 பிப்ரவரியில், பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் தர வேண்டிய நீரை ஆண்டுக்கு 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆக உச்ச நீதிமன்றம் குறைத்தது. குறைந்த 14.75இல் 10 டிஎம்சி, தமிழ்நாட்டின் காவிரிப் படுகையிலுள்ள நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால், 4.75 பெங்களூரின் குடிநீருக்காக. ஆனால், பல மாநிலங்களில் ஓடும் ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச் சொத்தல்ல என்றும் நீதிமன்றம் கூறியது."

இதுலேர்ந்து எதை முடிவு பண்ணலாம்?

அ) தீர்ப்பு தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு அநியாயம்.
ஆ) பெரும்பகுதி குறைப்பு பெங்களூர் குடிநீருக்காக.
இ) குறைப்புக்கு நிலத்தடி நீரும் ஒரு காரணம்.
ஈ) கர்நாடகம் இனி இஷ்டப்படி நீரைப் பயன்படுத்தலாம்.

நம்ம பொண்ணு 'அ' போட்டிருந்தா. அது அவளோட கருத்து, நம்ம வீட்டு ஹால்ல கரெக்டா கூட இருக்கலாம், ஆனா பேசேஜ்ல நியாயம் அநியாயம்னு எங்கயாவது ஒரு வார்த்தை இருக்கா? 'ஆ' தான் பெரிய கள்ளன், பேசேஜ்ல இருக்கற வார்த்தையவே எடுத்து போட்டுக்கிட்டு வந்து நிக்கும், ஆனா பத்து பெருசா 4.75 பெருசா? 'ஈ' கடைசி வரிக்கு நேர் எதிர். மிச்சம் 'இ'. சப்புன்னு இருக்குல்ல? ரைட் ஆன்சர் நிறைய தடவை அப்படித்தான் இருக்கும், காரம் உப்பு எதுவும் இல்லாம. ஆப்ஷன்ல 'ஆல்வேஸ்', 'ஒன்லி', 'நெவர்' இருந்தா ஒருதடவைக்கு ரெண்டுதடவை பாருங்க.

ஆன்சர் டிக் பண்றதுக்கு முன்னாடி பேசேஜ்ல எந்த வரி இதுக்கு சாட்சின்னு விரல் வச்சு காட்டணும். காட்ட முடியலன்னா அது உங்க மனசு சொன்ன பதில். வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா, டிக்‌ஷனரி அர்த்தத்த விட்டுட்டு ஆப்ஷன் ஒவ்வொண்ணையும் அந்த வரியிலேயே பொருத்தி படிங்க. எழுதினவரோட டோன் என்னன்னு கேட்டா அவர் போட்ட அடைமொழிய பாருங்க.

தெரியாத கேள்விய என்ன பண்றது? நாலு தப்பு ஒரு ரைட்ட முழுங்கும். ரெண்டு ஆப்ஷன அடிச்சுட்டீங்கன்னா மிச்ச ரெண்டுல ஒண்ண தைரியமா போடுங்க, கணக்குப்படி லாபம்தான். ஒண்ணையும் அடிக்க முடியலன்னா விட்டுட்டு நகருங்க, அதுல கிடைக்கற லாபம் ரொம்ப சொற்பம், நேரம்தான் போகும்.

பழகறதுக்கு கோச்சிங்க மட்டும் நம்ப வேணாம். மெட்ரோ பர்ப்பிள் லைன்ல போறவங்க இந்திராநகர்ல ஏறி மெஜஸ்டிக் வர்றதுக்குள்ள ஒரு இங்கிலீஷ் தலையங்கம் படிச்சு, எழுதினவர் சொல்றது இதுதான்னு ஒரே வரியில யாருக்காவது வாய்ஸ் நோட் அனுப்புங்க. நம்ம பொண்ணு எனக்குத்தான் அனுப்புறா, முதல் நாள் அந்த ஒரு வரி மூணு நிமிஷம் ஓடுச்சு.

இந்த ஞாயிறு மாக்ல மேகதாது அணை வந்துச்சாம். நாலு ரைட், ஒண்ணு தப்பு. அந்த ஒண்ணுக்கு ஓஎம்ஆர் விடைத்தாள்ல வட்டத்த மாத்தி நிரப்பியிருக்கா, அதனால இப்ப ஒவ்வொரு பேசேஜ் முடிஞ்சதும் கேள்வி நம்பர சரிபாத்துட்டு அப்பறம்தான் பக்கத்த திருப்பணும்னு சொல்லி வச்சிருக்கேன்.