பழைய மேசையில் ஒரு கோழிக்கூண்டு

வீட்டுக்குள் வளர்க்க பேன்டம் என்னும் குட்டி ரகக் கோழி வாங்கிவிட்டு, கூண்டு எப்படிச் செய்வது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கம்பி வலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வலை சாதாரண விஷயம். வீட்டுக்குள் கோழி வளர்க்க முடியுமா முடியாதா என்பது கூண்டின் தரையில்தான் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் வழித்தெடுத்துச் சுத்தம் செய்ய முடிந்தால் தினமும் செய்வீர்கள். முடியாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவீர்கள், நாலாம் நாள் வீடே நாறும், அப்புறம் பாவம், கோழியைத்தான் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்வார்கள். அதனால் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தைத் தரைக்குச் செலவழியுங்கள். மற்றதற்கெல்லாம் பழைய சாமானே போதும்.

நான் சொல்வது சின்ன ரகங்களுக்கு மட்டும். பேன்டம் கோழி அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும், மலேசியாவில் உருவான செரமா என்ற ரகம் பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. இரண்டு கோழிக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், குறைந்தது 2 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கோழி வேண்டாம், அது கூட்டத்தோடு வாழும் உயிர், துணை இல்லாவிட்டால் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும். இந்த 4 அடிக் கூண்டும் இரவுக்கும், நீங்கள் பார்த்துக்கொள்ள முடியாத நேரத்துக்கும்தான். தினமும் சில மணி நேரமாவது வெளியே நடமாட விட வேண்டும். விட முடியாது என்றால் இதைப் போல இரண்டு மடங்கு இடம் கொடுங்கள்.

இந்த அளவைப் படித்ததும் உங்களுக்கே தோன்றியிருக்கும், இது ஒரு மேசையின் அளவு. மூலையில் கிடக்கும் பழைய மர மேசைதான் மிக மலிவான கூண்டு. நான்கு கால்களும் தூண், மேல்பலகை கூரை, அதன் மேல் நீங்கள் வழக்கம் போல ஏதாவது வைத்துக்கொள்ளலாம். வாங்க வேண்டியது நான்கே சாமான்கள்: அரை அங்குலக் கண் உள்ள வெல்டு கம்பி வலை, ஒரு பிளைவுட் பலகை, தரையில் விரிக்கும் வினைல் ஷீட், சில மரச்சட்டங்கள். ஆணி அடிக்காமல் ஸ்குரூ போடுங்கள், பின்னால் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். மேசையில் மிகப் பழைய பெயின்ட் உரிந்துகொண்டிருந்தால் அதை விட்டுவிட்டு வேறு மேசை பாருங்கள். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், கோழி எதையும் கொத்திப் பார்க்கும்.

இப்போது தரை. எச்சம் கீழே விழுந்துவிடும், வேலை மிச்சம் என்று நினைத்து என் முதல் கூண்டுக்கு அடியிலும் வலையே போட்டிருந்தேன். சில வாரத்தில் ஒரு பெட்டை காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம். கம்பி அழுத்தி, தோல் கிழிந்து, அதில் கிருமி புகுந்துவிட்டது. அது ஆற ரொம்ப நாள் ஆனது, இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. தயவுசெய்து அடியில் வலை போடாதீர்கள்.

மேசைக் கால்களில், வீட்டுத் தரையிலிருந்து 4 அங்குல உயரத்தில், சுற்றிலும் சட்டம் அடித்து அதன் மேல் பிளைவுட்டை வையுங்கள். வினைல் ஷீட்டைப் பலகையைவிட எல்லாப் பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டி, ஓரங்களை மேலே மடக்கித் தட்டு மாதிரி ஆக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள், மூலையைக் கத்தரித்து ஒட்டிவிடுகிறார்கள். வெட்டினால் அந்த இடுக்கில் ஈரம் இறங்கும், பிளைவுட் ஊறும், அப்புறம் என்ன கழுவினாலும் வாடை போகாது. புத்தகத்துக்கு அட்டை போடும்போது மூலையை உள்ளே மடிப்போமே, அதே போல வெட்டாமல் மடித்து வெளிப்பக்கமாக ஒரு கிளிப் போடுங்கள். தண்ணீர் ஊற்றினாலும் வெளியே வராது. முன்பக்கம் மட்டும் 6 அங்குல உயரப் பலகை ஒன்றைச் செருகி எடுக்கும்படி வைத்தால், கோழி சீய்க்கும்போது தட்டில் பரப்பும் கூளம் வெளியே சிதறாது, சுத்தம் செய்யும்போது பலகையை உருவிவிட்டு, வினைல் விளிம்பை இறக்கி, எல்லாவற்றையும் நேராகப் பைக்குள் தள்ளிவிடலாம்.

கூளம் 2 முதல் 3 அங்குலம். தச்சுப் பட்டறையில் இழைக்கும்போது வரும் மரச்சீவல் நல்லது, உமியும் சரி. மாவு போன்ற மரத்தூள் வேண்டாம், மூச்சுக்குள் போகும். தேவதாரு வகை வாசனை மரத்தின் சீவலும் வேண்டாம், அதில் இருக்கும் எண்ணெய் நுரையீரலைப் பாதிக்கும். செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கும், அதுவும் குஞ்சுகளுக்குக் கால் விரிந்து ஊனமாகிவிடும். கூளம் மாற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் உங்கள் முகத்தை வைத்து மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் அது எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா வாயு, கோழி அதில்தான் நாள் முழுக்க நிற்கிறது. நாற்றத்துக்குக் காரணம் ஈரம். அதனால் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைக்காமல் கோழியின் முதுகு உயரத்துக்கு வலையில் மாட்டுங்கள், தீவனமும் அதே உயரத்தில்.

வலை வேலை எளிது, ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. வலையை வெட்டும்போது தெறிக்கும் குட்டிக் கம்பித் துண்டு பளபளவென்று இருக்கும், கோழி அதை விழுங்கிவிடும், அது இரைப்பையைக் குத்திக் கிழித்துவிடலாம். பழைய போர்வையின் மேல் வைத்து வெட்டுங்கள், முடிந்ததும் ஒரு காந்தத்தைச் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள், எத்தனை ஒட்டுகிறது என்று பார்த்தால் பயந்துவிடுவீர்கள். வலையின் முனைகள் மேல் சட்டம் வைத்து மூடிவிடுங்கள். வலையைக் கட்ட கேபிள் டை என்ற பிளாஸ்டிக் பட்டை போட்டால் அதன் மிச்ச வாலை ஒட்ட வெட்டி, முனையை வெளிப்பக்கம் திருப்புங்கள். பின்பக்கத்துக்கு வலை வேண்டாம், பழைய பலகையால் அடைத்துவிட்டால் செலவும் குறையும், கோழிக்கும் ஒதுங்க ஓர் இடம் கிடைக்கும். மலிவு என்று தெர்மாகோல் மட்டும் எங்கேயும் வைக்காதீர்கள், கோழிக்கு அதைக் கொத்தித் தின்பதில் அப்படி ஓர் ஆசை.

கதவு என்று சின்னதாக ஒன்று வைக்காமல் முன்பக்கம் முழுவதையும் இரட்டைக் கதவாகத் திறக்கும்படி செய்யுங்கள். கோழி எப்போதும் உங்கள் கை எட்டாத மூலைக்குத்தான் ஓடும்.

உட்காரும் கம்புக்கு ஓர் அங்குலச் சட்டம் போதும், விளிம்புகளை உப்புத்தாள் போட்டு மழுங்கச் செய்துவிடுங்கள். கூண்டின் தரையிலிருந்து ஓர் அடி உயரம், பின்பலகையிலிருந்து 8 அங்குலம் தள்ளி, இல்லாவிட்டால் வால் இறகு உரசி முறியும். இரவெல்லாம் எச்சம் அந்தக் கம்புக்கு நேர் கீழேதான் விழும் என்பதால் அங்கே தனியாக ஒரு பழைய தட்டில் செய்தித்தாள் போட்டு வையுங்கள். காலையில் அந்தத் தாளைச் சுருட்டி எறிந்தால் அன்றைய வேலையில் பெரும்பகுதி முடிந்தது. முட்டையிட 10 அங்குல அட்டைப்பெட்டி போதும், அழுக்கானால் வேறு பெட்டி. ஆனால் கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியில்தான் தூங்கும்.

எங்கே வைப்பது? சமையலறை கூடவே கூடாது. எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், கூண்டுத் தட்டையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவாதீர்கள். அதோடு நான்ஸ்டிக் பாத்திரம் அதிகமாகச் சூடாகி வரும் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். படுக்கையறையும் வேண்டாம், இறகிலிருந்து உதிரும் மெல்லிய தூசி எல்லாவற்றின் மேலும் படியும். காற்றோட்டமான அறையில் ஜன்னல் பக்கம் நல்லது. ஆனால் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி உண்டாகத் தேவையான கதிர் வருவதில்லை, ஆகவே தினமும் கொஞ்ச நேரம் நேரடி வெயிலில் விட வேண்டும். அது குறைந்தால் முட்டை ஓடு மெலிந்துபோகும். வெளியே விடும்போதே ஒரு பழைய பேசினில் காய்ந்த மண்ணைக் கொட்டி வைத்தால் மண் குளியலும் ஆகிவிடும்.

புதுக் கூண்டில் கோழியைப் பகலில் விடாமல் சாயங்காலம் இருட்டும் நேரத்தில் விடுங்கள். கையால் தூக்கிக் கம்பின் மேல் உட்கார வைத்து, கூண்டை ஒரு துணியால் மூன்று பக்கம் மூடி, விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் போதும். அதற்கப்புறம் இருட்ட ஆரம்பித்ததும் அதுவே உள்ளே போய்க் கம்பில் ஏறி, கழுத்தைச் சுருக்கி, இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நீங்கள் கதவைச் சாத்தினால் போதும்.